அலாரம் அலறியது, கார் பறந்தது!
அமெரிக்காவைக் கலக்கிய திருட்டில் கோட்டை விட்டது யார்?

கதவை யாராவது நெம்பித் திறந்தால் போதும். ஹாரன் அலறும், விளக்குகள் மின்னி மின்னி அணையும். கார் கம்பெனியே பொருத்திக் கொடுக்கும் அலாரம் இது. இது இருக்கும்போது கார் எப்படித் திருடு போகும்?

போனது. ஒன்றல்ல, இரண்டல்ல, ஆயிரக்கணக்கில்!

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ளது மில்வாக்கி நகரம். 2021-ம் ஆண்டு அங்கே திருடு போன வண்டிகள் 10 ஆயிரத்துக்கும் மேல். அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கியா, ஹூண்டாய் கார்கள்தான். கைவரிசை காட்டியவர்களில் பலர் மீசை முளைக்காத பையன்கள்! 2022-ல் இந்த வித்தையைப் படம் பிடித்து 'டிக்டாக்'கில் விட, மற்ற நகரங்களிலும் தொற்றிக்கொண்டது.

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்கிறதே, அதே ஹூண்டாய்தான். ஆனால் திருடு போனவை அமெரிக்காவில் விற்பதற்கென்றே தயாரான கார்கள்.

கத்துவான், பிடிக்க மாட்டான்

ரிமோட்டை அமுக்கிக் காரைப் பூட்டியதும் அலாரம் காவலுக்கு உட்காருகிறது. கதவு, பானெட், டிக்கி எல்லாவற்றிலும் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. ரிமோட்டின் உத்தரவு இல்லாமல் இதில் ஒன்று திறந்தாலும் சேதி போய்விடும், ஹாரன் கத்தும். இந்தக் கார்களில் அரை நிமிடம் கத்திவிட்டு ஓய்ந்துவிடும்.

கண்ணாடி உடைவது இந்தச் சுவிட்சுகளுக்குத் தெரியாது. பையன்கள் பின்பக்க ஜன்னலை உடைத்து நுழைந்ததன் ரகசியம் இதுதான். அப்படியே கத்தினாலும்தான் என்ன? "எவன் வண்டியோ" என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்வது எல்லா ஊருக்கும் பொது!

சாவிக்குள் ரகசியம்

திருடனை மடக்குவது அலாரம் அல்ல. 'இம்மொபிலைசர்' என்ற இன்னொரு சாதனம். சாவியின் தலைக்குள் ஒரு குட்டி 'சிப்' இருக்கும். சாவியைப் போட்டதும் இன்ஜினை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டர் அதனிடம் ரகசிய எண் கேட்கும். பதில் தப்பானால் இன்ஜின் உயிர் பெறாது. பூட்டை உடைத்துத் திருகினாலும் பயனில்லை.

ஐரோப்பாவில் 1998 முதலும் கனடாவில் 2007 முதலும் புதுக் கார்களில் இது கட்டாயம். அமெரிக்காவில் அப்படிச் சட்டம் இல்லை. இருந்தாலும் 2015-ம் ஆண்டு மாடல்களில், மற்ற கம்பெனிகள் 100-க்கு 96 வகைகளில் இதைப் பொருத்தியே விற்றன. கியாவும் ஹூண்டாயும்? 100-க்கு 26தான்!

சட்டம் கேட்கவில்லை, மிச்சம் பிடித்தார்கள். அதுவும் எங்கே? விலை குறைந்த மாடல்களில். கையைக் கடிக்காத விலையில் கார் வாங்கியவன் தலையில்தான் இடி விழுந்தது. 2023-ல் பெரிய இன்சூரன்ஸ் கம்பெனிகள் இரண்டு, சில நகரங்களில் இந்தக் கார்களுக்குப் புது பாலிசி தரவே மறுத்துவிட்டன.

விளையாட்டு வினையானது

2022 அக்டோபரில் நியூயார்க் மாநிலம் பபலோ நகரில், திருட்டு கியா கார் ஒன்று விபத்தில் சிக்கி இளவயதினர் 4 பேர் பலியானார்கள். இந்தத் திருட்டுகளால் 2023 பிப்ரவரி வரை தெரியவந்த விபத்துகள் குறைந்தது 14, சாவு 8.

அந்த மாதம்தான் வைத்தியம் தொடங்கியது. சுமார் 83 லட்சம் கார்களுக்கு இலவசமாகப் புது சாப்ட்வேர் என்று அறிவிப்பு வந்தது. அலாரம் கத்தும் நேரம் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடமானது. ஆனால் விஷயம் அதில் இல்லை. ரிமோட்டால் பூட்டினால் அலாரத்தோடு ஸ்டார்ட்டும் முடங்கும்; ரிமோட்டால் திறந்த பிறகே விடுபடும். வெறும் கத்தலுக்குக் கையும் முளைத்தது! ரிமோட்டை அமுக்காமல், வெறுமனே கதவைப் பூட்டிவிட்டுப் போகிறவருக்கு இந்தக் காவல் கிடையாது.

புது சாப்ட்வேர் ஏறிய கார்களில் திருட்டு பாதிக்கு மேல் குறைந்ததாக 2024-ல் இன்சூரன்ஸ் கணக்கு சொன்னது. ஆனால் சேதம் கூடியது. உள்ளே நுழைந்த பிறகுதானே திருடனுக்கு சங்கதி தெரிகிறது! கண்ணாடி போனது போனதுதான்.

2025 டிசம்பரில் 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களோடு இரண்டு கம்பெனிகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி பழைய கார்களின் இக்னிஷன் பூட்டுக்குத் துத்தநாகக் கவசம் இலவசம். இனி அமெரிக்காவில் விற்கும் கார் எதுவானாலும் இம்மொபிலைசர் இருக்கும்.