ஜோலார்பேட்டை மக்களுக்கு ஜப்பானிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள ஊர்ப் பெரியவர்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

நான் பிழைக்க வந்திருக்கும் ஹமாமட்சு, மோட்டார் சைக்கிளுக்கும் பியானோவுக்கும் பேர்போன ஊர். இங்கே அக்காவோடு வாழும் இவாவோ ஹகமடா என்ற முதியவரைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும்.

குத்துச்சண்டை வீரராக இருந்தவர். பிறகு ஷிமிசுவில் மிசோ ஆலையில் வேலை. மிசோ என்பது சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் விழுது. 1966இல் ஆலை நிர்வாகியின் குடும்பத்தில் நால்வர் கொல்லப்பட, இவரைப் பிடித்தார்கள். நாள் கணக்கில் விசாரித்து ஒப்புக்கொள்ள வைத்தார்கள். 1968இல் தூக்குத் தண்டனை.

கொலை நடந்து ஓராண்டுக்குப் பிறகு, ஆலையின் மிசோத் தொட்டியிலிருந்து ரத்தக்கறை படிந்த ஐந்து துணிகளை எடுத்தார்கள். அதிலிருந்த கால்சட்டை இவருக்குத் தொடையைத் தாண்டி ஏறவில்லை. ஊறிச் சுருங்கிவிட்டது என்றது அரசுத் தரப்பு! ஹகமடாவின் ஆதரவாளர்கள் கோஷம் போட்டதோடு நிற்கவில்லை. ரத்தம் தோய்த்த துணியை மிசோவில் மாதக்கணக்கில் புதைத்துப் பார்த்தார்கள். கறை கறுத்துப்போனது. ஓராண்டு ஊறியதாகச் சொன்ன துணியிலோ சிவப்பு அப்படியே இருந்தது. 2024 செப்டம்பர் 26இல் விடுதலைத் தீர்ப்பு வந்தபோது அவருக்கு வயது 88, அக்கா ஹிடெகோவுக்கு 91.

அற்புதம் அம்மாளை அறிந்த உங்களுக்கு அந்த அக்காவை நான் விளக்க வேண்டியதில்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் அம்மாளின் மகன் பேரறிவாளனின் கதையும் ஒரு வாக்குமூலத்தில் சிக்கியதுதான். வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தான் பதிவு செய்யவில்லை என்று, அந்த வாக்குமூலத்தை எழுதிய சிபிஐ அதிகாரியே 2013இல் வாய்திறந்தார். விடுதலைக்கு அதன்பிறகும் 2022 மே வரை ஆனது.

அன்று 'நம்ம புள்ள' என்று தெருவில் இறங்கினோம். சரிதான். ஆனால் மகாராஷ்டிரத்தில் நாடோடிப் பழங்குடியினர் 6 பேருக்கு 2009இல் தூக்கு விதித்த உச்ச நீதிமன்றமே, 2019இல் அவர்கள் குற்றவாளிகள் அல்ல என்று விடுவித்து, ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னதே, அது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்கள் நம் சாதியில்லை, நம் மொழியில்லை. இப்படி எழுதுவதால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

'அவனே ஒத்துக்கிட்டானாமே' என்று டீக்கடையில் யாராவது சொன்னால், எங்கே, யாரிடம், எத்தனை நாள் அடைத்து வைத்த பிறகு என்று கேளுங்கள். செய்தித்தாளில் படம் வந்த அன்றே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

இப்படிச் சிக்கியவர்களுக்காக இங்குள்ள தமிழர்கள் சிலர் மாதாமாதம் கொஞ்சம் பணம் ஒதுக்க முடிவு செய்திருக்கிறோம். வழக்கு ஆவணங்களின் நகல் செலவுக்கும், சிறைக்கு மனு பார்க்க வரும் குடும்பத்தின் பயணச் செலவுக்கும் அது போகும். வக்கீல் வைக்க வழியில்லாத குடும்பம் தெரிந்தால் வழக்கு எண்ணையும் தீர்ப்பு நகலையும் அனுப்பிவையுங்கள். எந்த ஊர், என்ன ஆள் என்று நாங்கள் கேட்கமாட்டோம்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்