விதியுமல்ல, வெட்கமுமல்ல!

ஆம்பூரில் தைக்கப்படும் காலணி கடல் கடந்து செல்கிறது. அதன் தையலில் ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடிக்க மேற்பார்வையாளர் உண்டு. பிசகியது எங்கே என்று கேட்க முதலாளியும் உண்டு. ஆனால் அந்தக் காலணியைத் தைத்த பெண், பத்துத் திங்கள் சுமக்கவேண்டிய சேயை எட்டாம் திங்களிலே ஈன்றெடுத்தால், ஏன் என்று கேட்பார் உண்டா? "அவள் விதி" என்பார் ஒருவர். "பளு தூக்கினாள்" என்பார் இன்னொருவர். "பப்பாளி தின்றாள்" என்பார் மற்றொருவர். எவர் வாய் திறந்தாலும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுபவள் தாயே!

தோழர்களே, கணக்கைப் பாருங்கள். 37 வாரம் நிறையுமுன் பிறப்பதே குறைமாதப் பிறப்பு. 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் அவ்வாறு பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம். அவற்றுள் 30 லட்சம் இந்தியாவில்! ஐந்தில் ஒன்றுக்கும் மேல்! இத்தனை தாய்மாரின் தலையிலும் ஒரே விதியை எழுதிய கை எது?

விதியை விடுத்து விஞ்ஞானத்தைக் கேட்போம். பெண்ணின் பிறப்புறுப்புப் பாதையில் இயல்பாகவே நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்பதை 1892-இலேயே ஜெர்மன் மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் விளக்கினார். லாக்டோபாசில்லஸ் என்னும் அவ்வுயிர்கள், பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களுக்கு உறவு. அவை புளிப்பு அமிலத்தைச் சுரந்து, கேடு செய்யும் கிருமிகள் பெருகாதபடி காவல் காக்கின்றன. காவல் குன்றினால் கார்ட்னெரெல்லா முதலியவை பெருகுகின்றன. அந்நிலையிலுள்ள கர்ப்பிணிகளிடம் குறைமாதப் பிறப்பு மிகுந்து காணப்படுவதாகப் பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. கிருமிகள் மேலேறி அழற்சியைத் தூண்ட, காலம் வருமுன்னே வலி வருகிறது என்பது மருத்துவர் தரும் விளக்கம்.

உண்மையை ஊதிப் பெருக்குவது நமக்கு அழகன்று. இந்நிலை கண்ட எல்லாரும் குறைமாதத்தில் பெறுவதில்லை. குறைமாதப் பிறப்புக்கு இது ஒன்றே காரணமுமன்று. பிரான்சில் நடந்து 2018-இல் வெளியான பெருஞ்சோதனையில், ஆபத்துக் குறைந்த கர்ப்பிணிகளுக்குக் கிளிண்டாமைசின் மருந்து கொடுத்தும் குறைமாதப் பிறப்பு குறையவில்லை. ஆகவே மாத்திரைகளை வாரியிறைக்குமாறு நாம் கேட்கவில்லை. கேட்பது வேறு.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் 1996–97-இல் தமிழகக் கிராமப்புறத்தில், மணமான இளம்பெண்களிடையே ஆய்வு நடத்தினர். நூற்றுக்கு 53 பேர் உடற்கோளாறுகளைச் சொன்னார்கள். சொன்னவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் எந்த மருத்துவமும் பெறவில்லை! ஏன்? அருகே பெண் மருத்துவர் இல்லை, மறைவிடம் இல்லை, தொலைவு, செலவு, "எல்லாருக்கும் உள்ளதுதானே" என்ற எண்ணம். பெண்களை மருத்துவராக்கும் பள்ளியை ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் தொடங்கியது 1918-இல். முக்கால் நூற்றாண்டுக்குப் பின்னும் நம் பெண்கள் சொன்ன முதற்குறை, பெண் மருத்துவர் இல்லை என்பது! இது விதியின் எழுத்தா, ஆட்சிகளின் அலட்சியமா?

"வெள்ளைப்படுதலையும் நாளேட்டில் எழுதுவதா?" என்று முகஞ்சுளிப்பார் சிலர். அவர்கள் மௌனம் காக்கட்டும். வணிகன் மௌனமாக இல்லையே! "உன் உடல் அசுத்தம்" என்று பெண்ணை அச்சுறுத்தி, கழுவு திரவத்தைப் புட்டியில் அடைத்து விற்கிறான். தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் பாதை அது. உள்ளே கழுவுவது காவலரை விரட்டுவதாகும். வெட்கம் மூடிய வாயின்மேல் வியாபாரம் நடக்கிறது!

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் 396 பெண்களிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு, நலமாயிருந்த பெண்களிடையேயும் இனத்துக்கு இனம் நுண்ணுயிர்க் கூட்டம் மாறுபடுவதைக் காட்டிற்று. அங்குள்ள அளவுகோலை அப்படியே இங்கு வைத்தல் தகாது. குர்கானில் 2015 முதல் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனிக்கும் 'கர்ப்-இனி' ஆய்வு நடந்துள்ளது. பாலாற்றங்கரைப் பெண்ணும் கணக்கில் இடம்பெற வேண்டாமா?

நாம் கேட்பது இவை: ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பெண் மருத்துவர், திரையிட்ட தனி அறை, குறை சொல்லும் கர்ப்பிணிக்குச் சோதனை. அமிலத்தன்மை அறியும் தாளும் நுண்ணோக்கியும் எட்டாக்கனிகளல்ல! ஆலைதோறும் தண்ணீர் வசதியுள்ள கழிப்பறை. கழிப்பறைக்கு அஞ்சித் தாகத்தை அடக்கும் கர்ப்பிணியைச் சிறுநீர்த் தொற்று தேடிவரும். அதுவும் குறைமாதப் பிறப்போடு தொடர்புடையதே. ஆலைப் பெண்ணுக்கு மகப்பேற்று விடுப்பை 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் 26 வாரமாக உயர்த்தியது. வீட்டுத் திண்ணையில் ஜோடிக்கு இவ்வளவு என்று தைப்பவளுக்கு? அவள் வயிற்றில் வளர்வது பிள்ளையல்லவா?

தோழர்களே! சங்கக் கூட்டத்தில் கூலியைப் பேசுகிறோம், போனசைப் பேசுகிறோம். இதையும் பேசுங்கள். தாய் குற்றவாளியல்லள், வழக்குத் தொடுக்க வேண்டியவள். அவள் பக்கம் நின்று வழக்காட நாம் தயாரா?