தாத்தா படத்துக்கு 50-ஆ, 35-ஆ?

1950 ஏப்ரல். பாண்டிச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் அரவிந்தர் ஆசிரமத்துக்கு வந்தார். காந்தி சுடப்பட்ட அன்று அவரைச் சந்தித்தவர், இறுதி ஊர்வலத்தைப் படமெடுத்து உலகத்துக்குக் காட்டியவர். அரவிந்தரோ பல வருடங்களாகக் கேமரா முன்னால் வராதவர். அனுமதி கிடைத்தது. நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தவரை பிரெஸ்ஸோன் படமெடுத்தார். அந்த டிசம்பர் 5-ம் தேதி அரவிந்தர் மறைந்தார். முதுமைக்கால அரவிந்தர் என்றதும் இன்றும் நினைவுக்கு வருவது அந்தப் படங்கள்தான்.

பிரெஸ்ஸோன் வாழ்நாளில் பெரும்பாலும் நம்பியது சின்ன லைக்கா கேமராவையும் 50 மி.மீ. லென்ஸையும். ஃப்ளாஷ் அவருக்குப் பிடிக்காது. இந்த 50-தான் ‘ஸ்டாண்டர்டு ப்ரைம்’. ப்ரைம் என்றால் ஜூம் ஆகாதது. கிட்டே வேண்டுமென்றால் கால்தான் நடக்க வேண்டும். 1.8 அப்பர்ச்சர் கொண்ட 50, கேமரா கம்பெனிகள் விற்கும் லென்ஸ்களிலேயே மலிவானவற்றில் ஒன்று. அதனால்தான் வீட்டில் காசு கேட்கும் காலேஜ் பிள்ளைகள் முதலில் இதைக் கேட்கிறார்கள்.

அவசரப்பட வேண்டாம். பிரெஸ்ஸோனின் ஃபிலிம் 36-க்கு 24 மி.மீ. இன்று வீடுகளில் இருக்கும் விலை குறைந்த டிஜிட்டல் கேமராக்கள் பலவற்றில் சென்சார் அதைவிடச் சின்னது. அதில் 50-ஐ மாட்டினால் காட்சி குறுகி, 75 அல்லது 80 போல ஆகிவிடும். கேமராவைப் படுக்கையாகப் பிடித்து, நிற்கும் ஆளைத் தலைமுதல் கால்வரை அடக்க 18 அடி பின்னால் போக வேண்டும். கடற்கரைச் சாலையில் போகலாம். வைசியாள் வீதித் திண்ணை வீட்டு ரேழியில் எங்கே போவது? முதுகு சுவரில் இடிக்கும். அங்கே 35 மி.மீ. இருந்தால் 13 அடி போதும். சின்ன சென்சாருக்கு அதுதான் உண்மையான ஸ்டாண்டர்டு.

வாங்கும் முன் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. கேமராவோடு வந்த 18-55 ஜூமை 35-ல் வைத்து, வளையம் நகராமல் டேப் ஒட்டிவிட வேண்டும். ஒரு நாள் முழுக்க அதிலேயே எடுக்க வேண்டும். மறுநாள் 50. எந்த நாளில் அடிக்கடி பின்னால் நகர்ந்தோம், எந்த நாளில் முன்னால் போனோம் என்பது தெரிந்துவிடும். அந்த ஜூமில் கிடைக்காதது வெளிச்சம் மட்டும்தான்: 50-ல் அதன் அப்பர்ச்சர் 5.6 அளவில் நிற்க, 1.8 ப்ரைம் சுமார் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும்.

அந்தப் பத்து மடங்குக்கு ஆசைப்பட்டு எல்லாவற்றையும் 1.8-ல் எடுப்பதுதான் புதியவர்களின் வியாதி. தாத்தாவின் ஒரு கண் தெளிவாக இருக்கும், இன்னொன்று கலங்கிப்போகும். முற்றத்தின் ஓரம், வெயில் நேரே விழாத இடத்தில், வெளிச்சத்தைப் பார்த்தபடி அவரை உட்காரவைத்து 2.8, ஷட்டர் 1/125. கேமராவுக்குப் பக்கத்திலுள்ள கண்ணில் ஃபோகஸ். பாட்டியும் பக்கத்தில் உட்கார்ந்தால் 4. 35-ஐ வைத்துக்கொண்டு முகத்துக்கு ரொம்பக் கிட்டே போகக் கூடாது, மூக்கு பெரிதாகும்.

செல்போனில் எடுப்பவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது. 1x என்பது அகன்ற கோணம். பல போன்களில் 2x வைத்து நாலு அடி தள்ளி நின்றால் கிட்டத்தட்ட பிரெஸ்ஸோனின் 50 பார்த்த அகலம் கிடைக்கும்.

பழைய லென்ஸ் வாங்குவோர் கவனிக்க: கடலோர ஊரில் ஈரத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை வரும். பின்பக்கம் செல்போன் டார்ச் அடித்து முன்பக்கம் பார்த்தால், உள்ளே சிலந்தி வலை மாதிரி இழைகள் தெரியும். தெரிந்தால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.