சோதனையை அணைத்தால் பிழை போய்விடுமா?

தரவை ஏற்றும்போது, ஒரு வரிசை சுட்டும் மதிப்பு தொடர்புடைய அட்டவணையில் உள்ளதா என்று பார்க்கும் ஃபாரின் கீ சோதனையை அணைத்துவிட்டால் வேலை விரைவாக முடியும், பிறகு இயக்கிக்கொள்ளலாம் என்பது தரவுத்தளப் பணியாளர்கள் பலரின் வாதம். விரைவு உண்மை. மற்றது தவறு.

ஒன்று: மைஎஸ்கியூஎல்லில் சோதனையை மறுபடி இயக்கினாலும், ஏற்கெனவே நுழைந்த வரிசைகளை அது திரும்பிப் பார்ப்பதில்லை.

இரண்டு: அதன் விளைவைப் பார்க்கக் காஞ்சிபுரம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2019 நவம்பர் 29 அன்று அதிலிருந்து செங்கல்பட்டு பிரிந்து தனி மாவட்டமானது. இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள மாமல்லபுரம், 2011 கணக்கெடுப்பில் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. ஆங்கிலத்தில் காஞ்சிபுரம் என்ற பெயரின் எழுத்துக்கூட்டலும் ஒன்றல்ல. பழைய நெசவாளர் பட்டியலைச் சோதிக்காமல் ஏற்றி, பெயரை வைத்து இன்னர் ஜாயின் போட்டால், பொருந்தாத வரிசைகள் உதிர்ந்துபோகும். பிழைச்செய்தி வராது. உதிர்ந்தது ஒரு நெசவாளரின் கூலிக் கணக்கு என்றால் யார் பதில் சொல்வது?

மூன்று: நேரமில்லை என்பது சாக்கு. முதலில் தற்காலிக அட்டவணையில் ஏற்றி, லெஃப்ட் ஜாயினில் நல் (NULL) வரும் வரிசைகளைப் பிரித்தெடுக்க ஒரே வினவல் போதும்; பிறகு அவற்றைத் திருத்தலாம்.