எட்டடி சமையலுள்ளும் ஒரு காமிராவும்

பொங்கலுக்கு வந்திருந்த என் மருமாள், காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்கு முன்பே ஆரம்பித்து விட்டாள்.

"அத்தை, ஒரு காமிரா வாங்கப் போகிறேன். கைப்பைக்குள் அடங்கிவிடும். லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாது. ஜூமும் கிடையாது. விலைதான் கொஞ்சம்..." என்று இழுத்தாள்.

"கொஞ்சம் என்றால்?"

"லட்சத்தைத் தொடும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாற்றவும் முடியாது, கிட்டே இழுக்கவும் முடியாது, அதற்கு லட்சமா?

ஆனால் அவள் காரணத்தைச் சொன்னதும் வாயை மூடிக்கொண்டேன். திருவையாற்றுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டை விற்பதென்று முடிவாகிவிட்டது. பங்குனியில் பத்திரம். என் அம்மாவுக்கு வயது 86. அறுபது வருஷத்துக்கு மேல் நின்று சமைத்த அந்தச் சமையலுள்ளில் அவளை ஒருவரும் ஒரு படம் எடுத்ததில்லை. இருப்பதெல்லாம் கல்யாண ஆல்பங்களில் யாருடைய தோளுக்கோ பின்னால் தெரியும் பாதி முகம்தான்.

"எடுக்கலாம் என்றால் சமையலுள்ளில் பின்னால் நகர இடமே இல்லையே, அத்தை!" என்றாள்.

அதுதான் விஷயம். டெல்டாக் கிராமத்து வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீளமாகப் போகும். ஆனால் ரேழியும் சமையலுள்ளும் குறுகல். அகலக்கோண லென்ஸ் எதற்கு என்று கேட்பவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் போதும்.

இதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. பழைய பிலிம் காமிராக் கணக்கில் லென்ஸுகளை 28, 35, 40 மில்லிமீட்டர் என்று சொல்வார்கள். காமிராவைப் படுக்கை வாட்டில் பிடித்தால், 35 லென்ஸில் நீங்கள் நிற்கும் தூரம் எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு அகலம் படத்தில் விழும். 28 லென்ஸில் அதுவே ஒன்றேகால் பங்குக்குச் சற்று அதிகம். 40-ல் பத்தில் ஒரு பங்கு குறைவு.

அளவுநாடாவை எடுத்துக்கொண்டு இருவரும் கிளம்பினோம். சமையலுள் வாசற்படியிலிருந்து அடுப்பு மேடைச் சுவர் எட்டடி. அடுப்பு, மாடப்பிறை, உறி, அம்மி எல்லாம் சேர்ந்து ஒன்பதரை அடி அகலம். 40-ல் ஏழடிதான் அகப்படும். 35-ல் எட்டடி, உறியோ அம்மியோ வெட்டுப்பட்டுப் போகும். 28-ல் பத்தடி. தீர்ந்தது சந்தேகம்!

இனி, எந்தக் காமிரா? ரிக்கோ ஜி.ஆர். 3 (2019), அதன் பின் வந்த ஜி.ஆர். 4 (2025) இரண்டும் 28. ஜி.ஆர். 3 எடை கால் கிலோவுக்குச் சற்று அதிகம்தான். ஆனால் கண்ணை வைத்துப் பார்க்கும் ஜன்னல் கிடையாது. வெயிலில் திரை சரியாகத் தெரியாது. லென்ஸ் வெளியே வந்து உள்ளே போவதால், அறுவடைக் களத்துத் தூசியில் ஜாக்கிரதை வேண்டும். பேர் ஒற்றுமையில் ஏமாறாதீர்கள்: ஜி.ஆர். 3 எக்ஸ் (2021) என்பது 40. ஃபியூஜியின் எக்ஸ் 100-6 (2024) பார்க்க அழகு, ஜன்னலும் உண்டு. ஆனால் 35, எடை அரைக் கிலோ. லைக்கா கியூ 3 (2023) 28-தான். விலையோ பல லட்சம். அதை நமஸ்காரம் செய்துவிட்டு நகர்ந்தோம்.

ஜூம் இல்லாதது நஷ்டமல்ல. ஒரே கோணத்துக்கென்று செய்த லென்ஸைச் சிறியதாகவும் கூர்மையாகவும் செய்ய முடிகிறது. நெருங்க வேண்டுமா, காலை எடுத்து வைக்க வேண்டியதுதான்.

இடம் போதாமல் திண்டாடியது நாம் மட்டுமல்ல. 1858-ல் லினேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைச் சுற்றி அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளைப் படமெடுத்தார். ஒரே படத்தில் அடங்குமா? நகர்ந்து நகர்ந்து எடுத்த 21 படங்களை ஒட்டிச் சுமார் 19 அடி நீளத்துக்கு ஒன்றாக்கினார்! எந்த லென்ஸுக்கும் ஓர் எல்லை உண்டு. மீதி நம் காலும் பொறுமையும்தான்.

அகலக்கோணத்திலும் வம்பு உண்டு. முகத்துக்கு இரண்டடியில் வைத்தால் மூக்கு பெரிதாகிவிடும். ஓரத்தில் நிற்பவர் பக்கவாட்டில் இழுபட்டுப் பருத்துத் தெரிவார். எந்த மாமியும் மன்னிக்க மாட்டாள். ஐந்தாறு அடி தள்ளி, ஆளை நடுவில் வையுங்கள். காமிராவை அண்ணாந்து பிடித்தால் முற்றத்துத் தூண்கள் உள்பக்கம் சாயும், மட்டமாகப் பிடியுங்கள்.

முக்கியமான ஒன்றைக் கடைசியில் சொல்கிறேன். கையிலுள்ள கைபேசியின் பிரதான லென்ஸே பெரும்பாலும் 24 முதல் 26-க்குள் இருக்கும். அகலம் அதிலேயே கிடைக்கிறது. பணம் எதற்கென்றால், பல மடங்கு பெரிய உணர்தகட்டுக்கு. புகை படிந்த சமையலுள்ளில், ஒற்றை ஜன்னல் வெளிச்சத்தில், அதன் அருமை தெரியும். ஆகவே ஒரு வாரம் கைபேசியில் ஜூமைத் தொடாமல் எடுத்துப் பாருங்கள். அந்த அகலம் பிடித்தால் மட்டும் கடைக்குப் போங்கள்.

மருமாள் கடைக்குப் போகவில்லை; காமிரா பிறகு வரட்டும் என்று அன்றைக்கே கைபேசியோடு வாசற்படியில் நின்றாள். பாட்டி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "என்னை எதுக்குடி எடுக்கறே? அடுப்பை எடு, அதுதான் போகப் போறது" என்றாள்.

இரண்டும் விழுந்திருக்கின்றன படத்தில். மாசியில் ரிக்கோ வந்ததும் அதே வாசற்படியில் நின்று மறுபடி எடுத்தாள். அதில் மாடப்பிறையின் எண்ணெய்க் கறைகூடத் தெரிகிறது. ஆனால் அம்மா தன் தலைமாட்டில் வைத்திருப்பது முதல் படத்தைத்தான்.