விதைக்கு எந்தக் காய்?



ஊரிலிருந்து தாயார் சேலைத் துணியில் முடிந்தனுப்பிய கத்தரி விதை நகரத்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதல்ல. மாடித் தொட்டியில் அது காய்த்ததும், நல்ல காய்களையெல்லாம் குழம்புக்குப் பறித்துவிட்டு, கடைசியில் எஞ்சிய சொத்தைக் காயையே நாம் விதைக்கு விடுகிறோம். அரைகுறையாய் முற்றிய அவ்விதை சரிவர முளைப்பதில்லை. தாயார் தந்த ரகமும் அத்தோடு அற்றுப்போகிறது.

ஆகையால், நோயற்ற செடியில் திரண்ட காயொன்றுக்கு முன்னதாகவே நூல் கட்டுங்கள். மஞ்சளாகப் பழுக்கும்வரை அதைப் பறியாதிருங்கள். பின்பு பிசைந்து நீரில் அலசி, மிதக்கும் விதைகளை நீக்கி, அமிழ்ந்தவற்றை நிழலில் நன்கு உலர்த்துங்கள். சாம்பல் கலந்து, ஈரம் புகாத புட்டியிலிட்டு, மாதமும் ஆண்டும் எழுதி வையுங்கள். வீரிய ஒட்டு ரகத்தின் விதை தாய்ச்செடியைப்போல் வராது. நாட்டு ரகத்திற்கே இம்முறை.

ஒருநாள் குழம்பில் ஒரு காய் குறையட்டும். நம் பிள்ளைகளின் தொட்டியிலும் பாட்டியின் கத்தரி காய்க்கும்.