பிளேன் சரி, கீழே இருக்கிற ஆக்கள்?

கிறிஸ்டோபர் நோலனின் 'டன்கேர்க்' படத்தை நாங்கள் ஐந்தாறு பேர் ஒரு நண்பனின் வீட்டு ஹோலில் ஒன்றாக இருந்து பார்த்தோம். கடற்கரையில் வரிசையாக நிற்கிற சிப்பாய்கள் சத்தம் கேட்டு வானத்தைப் பார்க்கிற இடம். எங்களில் ஒருவனுக்குப் பிளேன் பைத்தியம். "இப்ப வரப்போறது ஸ்ரூக்கா" என்று விளக்கம் சொல்லத் தொடங்கினான். குசினி வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நண்பனின் அம்மா, "உவங்கள் ஏன் மேல பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள்? விழுந்து படுக்கிறதுக்கு என்ன?" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, திரையில் எல்லோரும் குப்புற விழுந்து படுத்தார்கள். "ம், இப்ப சரி" என்றுவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கு அந்த ஹோலில் ஒரே படத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சரிபிழை பார்த்தார்கள். ஒருவன் இயந்திரத்தைப் பார்த்தான். மற்றவர் இயந்திரத்துக்குக் கீழே இருக்கிற மனிசரைப் பார்த்தார். சினிமாவில் வரும் விமானங்கள் பற்றிய பேச்சு எப்போதும் முதலாவதோடு முடிந்துவிடுகிறது. இரண்டாவதைப் பற்றித்தான் நாங்கள் பேச விரும்புகிறோம்.

முதலில் அந்தப் பைத்தியக்காரனுக்கு நியாயம் செய்துவிடுவோம். அவன் பிடிக்கிற பிழைகள் உண்மையிலேயே சுவாரசியமானவை. 'டன்கேர்க்'கில் ஜேர்மன் மெசெர்ஷ்மிற் விமானங்களின் மூக்கு மஞ்சளாக இருக்கும். 1940 மே கடைசியில், டன்கேர்க்கில் சண்டை நடந்தபோது, அந்த மஞ்சள் இன்னும் வந்திருக்கவில்லை. அது கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. நோலனுக்கும் இது தெரியும். எது யாருடைய விமானம் என்று பார்ப்பவர் குழம்பக்கூடாது என்பதற்காகத் தெரிந்தே பூசினார்.

அதைவிடப் பெரிய பகிடி ஒன்று இருக்கிறது. படத்தில் மெசெர்ஷ்மிற்றாக நடிப்பது, போருக்குப் பிறகு ஸ்பெயினில் கட்டப்பட்ட 'புச்சோன்' என்ற விமானம். அதற்குள் இருப்பது ரோல்ஸ் றொய்ஸ் மேர்லின் எஞ்சின். ஸ்பிற்பயரில் இருக்கிற அதே பிரித்தானிய எஞ்சின் வகை! 1969இல் வந்த 'பற்றில் ஒஃப் பிரிட்டன்' படத்திலும் இந்தப் புச்சோன்கள்தான் ஜேர்மன் வேடம் போட்டன. 1970இல் வந்த 'டோரா! டோரா! டோரா!'வில் அமெரிக்கப் பயிற்சி விமானங்களை வெட்டி ஒட்டி ஜப்பானின் ஸீரோ ஆக்கினார்கள். 1986இன் 'டொப் கன்'னில் எதிரி ஓட்டுகிற 'மிக்-28' என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. கறுப்புப் பெயின்ற் அடித்த அமெரிக்க எஃப்-5தான் அது.

இதெல்லாம் எங்களுக்குப் பெரிய குற்றமாகத் தெரியவில்லை. பறக்கக்கூடிய நிலையில் பழைய விமானங்கள் அதிகம் மிச்சமில்லை. பனிப்போர்க் காலத்தில் சோவியத் ஒன்றியம் ஹொலிவூட்டுக்கு மிக் வாடகைக்குக் கொடுக்கப்போவதும் இல்லை. நடிகருக்கு மீசை ஒட்டுகிற மாதிரித்தான் இது.

சத்தத்தில்தான் கொஞ்சம் இடறுகிறது. படங்களில் எந்த விமானம் விழுந்தாலும் ஒரு நீண்ட ஊளைச் சத்தம் வரும், கவனித்திருப்பீர்கள். அது ஸ்ரூக்காவின் சத்தம். குத்தாக இறங்கும்போது கீழே இருப்பவர்களை வெருட்டுவதற்கென்றே அதன் சில்லுக் கால்களில் சைரன் பூட்டியிருந்தார்கள். மனிசரைப் பயப்படுத்தச் செய்த அந்தக் கருவியின் ஒலி, இன்று எல்லா விமானத்துக்கும் ஒட்டுகிற அலங்காரமாகிவிட்டது.

ஜெற் விமானத்தில் இன்னொரு பிழை. படத்தில் பிளேனும் சத்தமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வரும். உண்மையில் ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர்தான் போகும். மூன்று கிலோமீற்றர் உயரத்தில் மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு ஜெற் போனால், சத்தம் உங்கள் காதுக்கு வர ஒன்பது செக்கன் ஆகும். அதற்குள் அது இரண்டு கிலோமீற்றருக்கு மேல் தாண்டிப் போயிருக்கும். சத்தம் வருகிற இடத்தைப் பார்த்தால் அங்கே வெறும் வானம்தான்.

இந்தக் கணக்கை எங்கட ஊரில் யாரும் புத்தகத்தில் படிக்கவில்லை. கிபிர், சகடை, சியாமாசெட்டி, வண்டு என்று பெயர் வைத்து, சத்தத்தை வைத்தே இன்னது என்று பிரித்து, பங்கருக்குள் இறங்க நேரம் இருக்கிறதா இல்லையா என்று முடிவெடுத்த சனம் எங்கட அம்மாக்களும் மாமாக்களும். வானத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்கு உயிர் தப்புகிற அறிவு. எங்களில் சிலருக்குச் சின்ன வயதில் கேட்ட சத்தமாக அது ஞாபகம் இருக்கிறது. மற்றவர்களுக்குக் கதையாக மட்டும் தெரியும். அதனால்தான் ஒரு படத்தைப் பார்த்து "பிளேன் எல்லாம் அச்சொட்டா இருக்கு" என்று யாராவது புகழும்போது எங்களுக்கு ஒரு கேள்வி வருகிறது: அச்சொட்டு, யாருடைய கண்ணுக்கு?

2022இல் வந்த 'டொப் கன்: மேவரிக்'கை எடுப்போம். இயந்திரக் கணக்கில் இதைவிடச் சுத்தமான படம் குறைவு. உண்மையான எஃப்/ஏ-18களில், நிஜ விமானிகள் முன்னால் ஓட்ட, நடிகர்கள் பின் இருக்கையில் இருந்து நடித்தார்கள். டொம் குரூஸின் முகம் இழுபடுவது கணினி வேலை இல்லை. பொய் சொல்லவில்லை, தியேட்டரில் நாங்களும் கைதட்டினோம்.

ஆனால் அந்த விமானங்கள் சும்மா வருவதில்லை. அமெரிக்கக் கடற்படை மணிக்கணக்கில் காசு வாங்கும். காசு மட்டும் போதாது; திரைக்கதையைப் பாதுகாப்புத் திணைக்களம் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். முதலாவது 'டொப் கன்'னிலேயே கதாநாயகி கடற்படைப் பெண்ணாக இருந்தவர், கடற்படையின் ஆட்சேபத்தால் சிவிலியன் ஆக மாற்றப்பட்டார். 'மேவரிக்'கில் குண்டு விழுகிற நாட்டுக்குப் பெயரே இல்லை. அங்கே எஃப்-14 நிற்கிறது. அமெரிக்காவுக்கு வெளியே அதை வாங்கிய ஒரே நாடு ஈரான். இருந்தும் படம் வாய் திறக்காது. எதிரி விமானிக்கு முகம் இல்லை, கறுப்புக் கண்ணாடிதான். தாக்கப்படுகிற இடத்தைச் சுற்றி ஒரு வீடு, ஒரு ஆடு, ஒரு பிள்ளை இல்லை. ஆணி, திருகாணி வரை உண்மையான விமானம், ஆளே இல்லாத ஒரு நாட்டின் மீது பறக்கிறது.

இதற்கு நேர்மாறானது 1979இன் 'அப்போகலிப்ஸ் நவ்'. கதையைப் பார்த்த பென்டகன் உதவ மறுத்தது. கொப்போலா பிலிப்பைன்ஸில் மார்க்கோஸ் அரசிடம் ஹெலிகொப்டர் கேட்டு வாங்கினார். படப்பிடிப்பின் நடுவே அந்த ஹெலிகொப்டர்கள் சில தடவைகள் எழும்பிப் போய்விட்டன, உள்நாட்டுக் கிளர்ச்சியாளர்களோடு சண்டை பிடிக்க. கமெராவுக்கு முன்னால் நடிப்பு, மலைக்கு அந்தப் பக்கம் நிஜம். திரையில் 'அசல்' விமானம் பார்க்கும்போது அது எந்த வேலையில் இருந்து வந்தது, திரும்பி எந்த வேலைக்குப் போனது என்று கேட்பது எங்களுக்கு அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரியவில்லை.

அப்படியென்றால் சரியாகக் காட்டிய படம் எது? நாங்கள் சொல்வது 1988இல் வந்த ஜப்பானிய அனிமேஷன் படமான 'கிரேவ் ஒஃப் த ஃபயர்ஃபிளைஸ்'. அதில் ஒரு நிஜ விமானமும் இல்லை, எல்லாம் கையால் வரைந்தது. பி-29கள் உயரத்தில் சின்னதாக, அழகாகக்கூடப் போகின்றன. கீழே எரிகுண்டுகள் கூரைகளிலும் தெருவிலும் விழுகின்றன. தங்கச்சியை முதுகில் கட்டிக்கொண்டு அண்ணன் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நிற்கிறான். இயக்குநர் இசாவோ தக்கஹாத்தா 1945 ஜூனில், ஒன்பது வயதில், ஒக்கயாமா நகரம் எரிந்தபோது அதற்குள் இருந்து ஓடித் தப்பியவர். அவருக்கு எந்த இராணுவத்தின் உதவியும் தேவைப்படவில்லை.

அவருடைய நண்பர் மியசாக்கி 2013இல் 'த விண்ட் றைசஸ்' எடுத்தபோது விமான எஞ்சின் சத்தங்களை மனிதர்களின் வாயாலேயே எழுப்பிப் பதிவு செய்தார். தொழில்நுட்பமாகப் பார்த்தால் முழுப் பிழை. கேட்டால் பிளேனுக்கு உயிர் வந்த மாதிரி இருக்கும். ஆனால் ஸீரோவை வடிவமைத்தவரின் கதையான அந்தப் படத்திலும், ஸீரோ முதன்முதலில் சண்டைக்குப் போன சீனாவின் மக்கள் இல்லை. அவ்வளவு நேசிக்கிற ஒரு கலைஞனுக்கும் விமானம் பிடித்துப்போனால் கீழே பார்ப்பது கஷ்டம்தான் போலும்.

"படத்தைப் படமாப் பாருங்கோவன்" என்று சொல்வீர்கள். பார்க்கிறோம். மிக்-28ஐயும் மஞ்சள் மூக்கையும் சிரித்துக்கொண்டு பார்ப்போம். பிழை பிடிக்கிற நண்பனையும் விட்டுவிட மாட்டோம். ஆனால் எங்கட போரைப் பற்றி இனியும் படங்கள் வரும். கணினியில் கிபிரை அச்சு அசலாக வரைந்துவிடலாம், வாலில் இருக்கிற இலக்கம் வரைக்கும். அதை எடுக்கப்போகிறவர்கள் அதோடு நிற்காமல் குசினி வாசலில் நிற்கிற அம்மாவிடமும் போய்க் கேட்க வேண்டும்: சத்தம் எந்தப் பக்கத்தால வந்தது? முதல்ல யாரைத் தூக்கினீங்கள்? பங்கர் வீட்டுக்கு எந்தப் பக்கம் இருந்தது?